முந்நூற்றுத் தொண்ணூறு புத்தகங்கள்

நஞ்சேகோவைக் கொடிக்கம்பத்தடியில் நிற்கவைத்துத் திருடி என்று சொன்ன திங்கட்கிழமை, என் அடுப்பில் கிதேரி அடிப்பிடித்துவிட்டது. அறுநூறு பெண்பிள்ளைகள் தின்கிற மக்காச்சோளமும் பயறும். இருபத்திரண்டு வருடமாக இந்தப் பள்ளிக்கூடத்துக்குச் சமைக்கிறேன், ஒரு நாளும் அப்படி ஆனதில்லை. சமையல்கட்டு மைதானத்தின் பின்னால்தான். கையில் அகப்பையோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன், உள்ளே கருகின வாசனை மூக்கில் ஏறவில்லை.

லைப்ரரிப் புத்தகத்தைத் தொலைத்த பிள்ளை திங்கட்கிழமை கொடியேற்றும்போது முன்னால் வந்து நிற்க வேண்டும். பெயர், வகுப்பு, புத்தகத்தின் பெயர் மூன்றையும் உரக்கச் சொல்ல வேண்டும். இது டெபுடி பிரின்சிபால் சிடாட்டி வந்த பிறகு கொண்டுவந்த ஏற்பாடு. அதுவரைக்கும் பிள்ளைகள்தான் நின்றார்கள். அன்றைக்கு நின்றது நாற்பத்தைந்து வயதுப் பொம்பளை. பதினாறு வருடமாக அந்த லைப்ரரிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தவள்.

"முந்நூத்தித் தொண்ணூறு புத்தகம்," என்றான் சிடாட்டி. மரியாதையாகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, அதனால் 'ன்' போட்டே சொல்கிறேன். "கவர்ன்மென்ட் பிப்ரவரியில அனுப்புன புதுப் புத்தகம் நானூறு. இன்னைக்கு இருக்கறது பத்து. நான் சொல்லல, மெஷின் சொல்லுது. மெஷினுக்குச் சொந்தமும் இல்ல, பகையும் இல்ல."

பிரின்சிபால் அம்மா பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அடுத்த வருடம் ஓய்வு, இரண்டு காலும் வீங்கிக் கிடக்கிறது, டெபுடி நீட்டுகிற தாளில் எல்லாம் கையெழுத்துப் போடுகிறவர். நஞ்சேகோ அவரைப் பார்த்தாள். அவர் தன் காலைப் பார்த்துக்கொண்டார்.

நஞ்சேகோவின் மகள் நசாம்பு, ஃபார்ம் த்ரீ படிக்கிறவள், தன் வகுப்பு வரிசையில் நின்றாள். பின்னாலிருந்து எவளோ "திருடி மக" என்று சொன்னது என் காதுவரைக்கும் வந்தது. மத்தியானம் அந்தப் பிள்ளை விடுதியிலிருந்து தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனாள். வாட்ச்மேன் கூப்பிட்டான், திரும்பவில்லை.

சிடாட்டிக்கு நஞ்சேகோமேல் என்ன கோபம் என்று பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். லீவு நாளில் அவன் டவுனில் தன் வீட்டில் டியூஷன் நடத்துகிறான். அதற்காக லைப்ரரியிலிருந்து பன்னிரண்டு கதைப் புத்தகம் எடுத்துப்போய் ஒரு வருடம் திருப்பவில்லை. நஞ்சேகோ அவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். அவள் அப்படிப்பட்டவள் இல்லை. டேர்ம் முடிவில் ஆசிரியர் கூட்டத்தில் பாக்கிப் பட்டியலை வாசித்தபோது, இரண்டு பிள்ளைகளின் பெயருக்கு நடுவில் அவன் பெயரையும் அதே குரலில் வாசித்தாள். டீச்சர்கள் சிரித்துவிட்டார்கள். நான் டீ கொடுத்துக்கொண்டிருந்தேன், நானும் சிரித்தேன்.

போன வருடம் கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் வந்தன. பார்க்க ஹேர் டிரையர் மாதிரி இருக்கும், சிவப்பு வெளிச்சம் அடிக்கும், புத்தகத்தில் ஒட்டின கறுப்புக் கோடுகளில் காட்டினால் டிக் என்று சத்தம் வந்து கம்ப்யூட்டரில் நம்பர் விழும். கிசுமுவிலிருந்து வந்த ஆள் நான்கு நாள் இருந்து நஞ்சேகோவுக்குச் சொல்லிக்கொடுத்தான். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு ஸ்டிக்கர் அடித்து ஒட்டினாள். முதலில் அட்டைமேல்தான் ஒட்டினாள். நம் பிள்ளைகள் சும்மா இருக்குமா? நகத்தால் கிளப்பி எடுத்துப் பெட்டிமேலும் கண்ணாடிமேலும் ஒட்டிக்கொண்டார்கள். பிறகு அவள் எல்லாவற்றையும் உள்ளே, இரண்டாவது தாளில் ஒட்டி மேலே டேப் போட்டாள். பிப்ரவரியில் வந்த நானூறுக்கும் அப்படித்தான்.

மே மாதம் சிடாட்டி தன் அக்கா மகள் நெலிமாவைக் கூட்டிவந்தான். "எழுதி வச்சவளே எண்ணக் கூடாது, வேற ஆள் எண்ணணும், அதுதான் முறை" என்று சொல்லி நஞ்சேகோவிடம் சாவியை வாங்கிக்கொண்டான். வியாழக்கிழமைக்குள் முடி என்று நெலிமாவிடம் சொன்னான். அந்தப் பெண் முடித்தாள். திங்கட்கிழமை நஞ்சேகோ முன்னால் நின்றாள். செவ்வாய்க்கிழமை லைப்ரரியில் நெலிமா உட்கார்ந்தாள்.

நீங்கள் கேட்பீர்கள், நானூறு புத்தகம் கண்ணுக்குத் தெரியாதா என்று. பதினாறு வகுப்பு, வகுப்புக்கு ஒரு பூட்டின அலமாரி. இந்த அலமாரியில் இருபது, அந்த அலமாரியில் முப்பது. ஒவ்வொரு டீச்சரும் தன் அலமாரியில் இருப்பதுதான் மிச்சம், மற்ற வகுப்பில்தான் தொலைந்தது என்று நினைத்துக்கொண்டார்கள். மெஷின் பேசிய பிறகு யார் கதவைத் திறந்து பார்க்கிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். மலையிலிருந்து மழை இறங்கிப் பாதை முழுக்கச் சேறு. கரும்பு லாரி போன தடத்தில் முழங்கால் வரைக்கும் தண்ணீர். புருஷன் வெகொம்பா தாழ்வாரத்தில் சைக்கிள் ரிம்மை மடியில் வைத்துக் கம்பி முறுக்கிக்கொண்டிருந்தான். முக்கில் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். அதிகம் பேசமாட்டான்.

"வாங்க நபாங்கி அக்கா," என்றான். "உள்ள இருக்கா. சந்தைக்குப் போய்ட்டு வந்ததிலேர்ந்து பேச்சில்ல."

சந்தையில் தக்காளிக்காரி இவளைப் பார்த்ததும் காசுப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாளாம். சின்ன வயதிலிருந்து தெரிந்தவள்.

நஞ்சேகோ மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் தோல் உரிந்து போயிருந்தது.

"அதை விடுடி. அவ என்னைக்கு நல்லவளா இருந்தா," என்றேன்.

"தக்காளிக்காரி போகட்டும் அக்கா. என் மக கேக்கறா. நேத்து சாப்பிடும்போது கேக்கறா, 'எடுத்தியாம்மா?'ன்னு."

"நீ என்ன சொன்ன?"

"என்ன சொல்றது. அவ தட்டுல இன்னும் கொஞ்சம் உகாலிக் களி வச்சேன்."

பின்கதவு வழியாக நசாம்புவைப் பார்த்தேன். மழைத்தண்ணீரில் தன் பள்ளிச் சீருடையைத் துவைத்துக்கொண்டிருந்தாள். போட்டுக்கொள்ளாத உடுப்பை எதற்குத் துவைக்கிறாய் என்று கேட்க வாய் வரவில்லை.

ஜூன் நடுவில் ஒரு நாள் லைப்ரரிக்கு டீ கொண்டுபோனேன். ஃபார்ம் டூ பிள்ளைகள் புத்தகம் திருப்பிக்கொடுக்க வரிசையில் நின்றார்கள். நெலிமா வேலை செய்கிறதைச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நஞ்சேகோ வீட்டில் வம்பு பேசும்போது அதையும் சொன்னேன்.

"நகம் வளத்திருக்காடி, ஒவ்வொண்ணும் இத்தனை நீளம். அந்த நகத்தை வச்சுக்கிட்டு எப்படித் தாளைப் பிரிப்பா? புத்தகத்தைக் குப்புறப் போடறா, டிக். அடுத்தது குப்புறப் போடறா, டிக். மஞ்சளா ஒரு பெட்டி வருது ஸ்கிரீன்ல, ஒரு தட்டு தட்டறா, போயிடுது."

நஞ்சேகோவின் கை நின்றது.

"மறுபடி சொல்லு. புத்தகத்தைத் தொறந்தாளா?"

"எங்க தொறந்தா. முதுகுலயே கோடு இருக்கே, அதுல காட்டறா."

"புதுப் புத்தகமா?"

"நீலமும் பச்சையுமா பளபளன்னு இருந்துச்சு."

அவள் எழுந்து உள்ளே போய் இரண்டு துணிசோப்பு எடுத்துவந்தாள். முக்குக் கடையில் வாங்கியது, உறை பிரிக்காதது. இரண்டையும் திருப்பி என் மடியில் வைத்தாள்.

"இதுல கோடு இருக்கா?"

"இருக்கு."

"கீழ நம்பர் இருக்கில்ல, வாசி. ரெண்டும் வாசி."

வாசித்தேன். இரண்டிலும் ஒரே நம்பர்.

"கம்பெனி போடற கோடு அக்கா. நூறு சோப்பு வாங்கினாலும் அதே நம்பர்தான். புத்தகத்து முதுகுல இருக்கறதும் அச்சடிச்சவன் போட்டது. நாப்பது பிரதிக்கும் ஒண்ணுதான். உள்ள நான் ஒட்டினதுதான் பிரதிக்கு ஒரு நம்பர். பழைய புத்தகத்துக்கு முதுகுல கோடு கிடையாது, அதைத் தொறந்துதான் காட்டியிருப்பா. பத்து விதப் புத்தகம், விதத்துக்கு நாப்பது. அவ நாப்பது தரம் காட்டியிருக்கா, மெஷின் ஒண்ணுன்னு எழுதிக்கிட்டு, மீதி முப்பத்தொம்பது தரமும் 'இது வந்தாச்சு, இது வந்தாச்சு'ன்னு கத்தியிருக்கு. இவ தட்டித் தட்டி அடக்கியிருக்கா. முப்பத்தொம்பது பத்து எவ்ளோ?"

நான் விரல் மடக்கினேன். வாசலிலிருந்து வெகொம்பா சொன்னான்: "முந்நூத்தித் தொண்ணூறு."

நஞ்சேகோ சிரிக்க ஆரம்பித்தாள். மூன்று வாரத்துக்குப் பிறகு சிரிக்கிறாள், அது எனக்குப் பிடிக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, சத்தமே இல்லாமல் சிரித்தாள்.

"நல்லதாப் போச்சு," வெகொம்பா ரிம்மைக் கீழே வைத்தான். "நாளைக்குக் காலையில நான் உன்னைச் சைக்கிள்ல கூட்டிப் போறேன். பிரின்சிபால் அம்மாகிட்டச் சொல்லிடு."

"நாளைக்கு வேண்டாம்."

"ஏன்?"

"நாளைக்குச் சொன்னா என்ன ஆகும்? ஆபீஸ்ல உக்காரவச்சு டீ குடுப்பாங்க. 'தப்பு நடந்துபோச்சு நஞ்சேகோ, மனசுல வச்சுக்காத'ம்பாங்க. அவன் பல்லைக் காட்டுவான். கதவு சாத்தியிருக்கும். என்னை அவன் கதவைச் சாத்திக்கிட்டா சொன்னான்?"

"அதுக்கு?"

"ஆகஸ்ட்ல பெற்றோர் தினம். கவுன்ட்டி கல்வி ஆபீஸ் ஆளுங்க வர்றாங்க, இவனைப் பிரின்சிபால் ஆக்கலாமான்னு பாக்க. மெஷினைக் காட்டித்தான் பேர் வாங்கப் போறான். ஏறட்டும். நல்லா உசரத்துக்கு ஏறட்டும்."

"ஏழு வாரம் இருக்கு," என்றான் வெகொம்பா. "பொண்ணு வீட்ல உக்காந்திருக்கா. ஜூலைப் பரீட்சை போயிடும்."

"திரும்ப எழுதிக்கலாம்."

"அவகிட்டயாவது சொல்லு."

"சொன்னா சாயங்காலத்துக்குள்ள தோழிங்களுக்குத் தெரிஞ்சிடும். விடியறதுக்குள்ள அவன் வந்து எல்லாப் புத்தகத்தையும் தொறந்து டிக் டிக்குனு சரி பண்ணிடுவான். கெடைச்சிடுச்சுன்னு சொல்லிட்டுப் போயிடுவான். யாரும் வாயைத் தொறக்கக் கூடாது. நீயுந்தான் அக்கா."

நான் தலையாட்டினேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் அந்த ஆள் விழுவதைப் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. கிதேரியில் பயறு குறைகிறது என்று அறுநூறு பிள்ளைகள் முன்னால் என்னையும் ஒரு தரம் கேட்டவன்தான்.

அந்த ஏழு வாரம் நசாம்பு முக்கில் கரும்பு விற்றாள். தோல் சீவிய துண்டுகளைப் பையில் போட்டு பஸ் ஜன்னலுக்கு நீட்டுவாள். வெள்ளிக்கிழமை வெளியே விடும்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அந்த வழியாகத்தான் போகும். ஒரு தரம் நானே பார்த்தேன். அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் இரண்டு துண்டு வாங்கிவிட்டு, "எண்ணிக் குடு, உங்க வீட்ல எண்ணிக்கை குறையும்" என்றாள். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நசாம்பு கத்தியைச் சாக்கில் துடைத்தாள். எனக்கு நாக்கு நுனிவரைக்கும் வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதை விழுங்கிக்கொண்டு, நானும் இரண்டு துண்டு வாங்கிவிட்டு வந்தேன்.

ஜூலையில் பரீட்சை வந்தது, போனது. வயலில் சோளம் நஞ்சேகோவின் தலைக்குமேல் வளர்ந்து கதிர் பிடித்தது. ஒவ்வொரு ஞாயிறும் போவேன். "அவன் கோட்டு தைக்கக் குடுத்திருக்கானாம்," என்பேன். "தைக்கட்டும்," என்பாள். "ஆபீஸ் வாசல்ல அறிவிப்பு ஒட்டியிருக்கான், திருட்டைக் கண்டுபிடிச்ச மெஷினுன்னு." "கையெழுத்துப் போட்டிருக்கானா?" "போட்டிருக்கான்." "நல்லது." அவள் கன்னத்தில் சதை வைத்திருந்தது. வெகொம்பா இளைத்துக்கொண்டே போனான்.

பெற்றோர் தினத்தன்று மைதானத்தில் பந்தல். எனக்கு விடியுமுன்னே வேலை. சோறு, கோழி, சுகுமா கீரை, பெரியவர்களுக்குத் தனியாக ஆட்டுக்கறி. பந்தல் நடுவில் மேசைபோட்டுக் கம்ப்யூட்டரை வெளியே கொண்டுவந்து வைத்திருந்தான் சிடாட்டி. பெரிய துணியில் படம் விழுகிற மாதிரி செய்திருந்தான். கவுன்ட்டியிலிருந்து மூன்று பேர் முன்வரிசையில். நெலிமா ஸ்கேனரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இந்த மெஷின் இல்லேன்னா இன்னும் பத்து வருஷத்துக்கு நம்மள மொட்டை அடிச்சிருப்பாங்க," என்று அவன் பேசிக்கொண்டிருந்தபோது நஞ்சேகோ எழுந்தாள். மஞ்சள் தலைத்துணி கட்டியிருந்தாள். அவளும் ஒரு பெற்றோர்தானே, பிள்ளையின் பெயரை இன்னும் ரெஜிஸ்டரில் அடிக்கவில்லை.

"ஒரு சந்தேகம் சார்."

பந்தல் முழுக்க முணுமுணுப்பு. அவன் அசரவில்லை. "கேளுங்க, கேளுங்க. ஒளிவு மறைவு இல்லாத பள்ளிக்கூடம் இது."

"ஃபார்ம் த்ரீ பயாலஜிப் புத்தகம் இப்ப எத்தனை இருக்கு?"

நெலிமா தட்டினாள். துணியில் பெரிதாக விழுந்தது: ஒன்று.

"ஒண்ணே ஒண்ணா?"

"அதான் ஊருக்கே தெரியுமே, மீதி எங்க போச்சுன்னு," என்றான் அவன். சிலர் சிரித்தார்கள்.

நஞ்சேகோ ஃபார்ம் த்ரீ பிள்ளைகள் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பினாள். "பிள்ளைங்களா, பயாலஜிப் புத்தகம் உங்க அலமாரியில இருந்தா எடுத்துட்டு வாங்க. நாலு வகுப்பும்."

சிடாட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தான். கவுன்ட்டியிலிருந்து வந்த பெண்மணி கையைத் தூக்கி, "இருங்க, நானும் பாக்கணும்," என்றார்.

பிள்ளைகள் ஓடின. கை நிறையக் கொண்டுவந்து மேசையில் அடுக்கின. பச்சை அட்டை, எல்லாம் ஒன்றுபோல. நான் அகப்பையைப் போட்டுவிட்டுப் பந்தலுக்கே வந்துவிட்டேன்.

"எண்ணுங்க சார்," என்றாள் நஞ்சேகோ. "மெஷினால இல்ல. விரலால எண்ணுங்க. உரக்க."

அவன் எண்ணவில்லை. அந்தப் பெண்மணி எழுந்துவந்து எண்ணினார். நாற்பது. ஒன்றுகூடக் குறையவில்லை.

"இப்ப நெலிமா, நீ எண்ணுனாப்பலயே காட்டு தாயி."

நெலிமா புதுக் கணக்கு ஒன்றைத் திறந்து முதல் புத்தகத்தைக் குப்புறப் போட்டாள். டிக். ஒன்று. இரண்டாவது. டிக். மஞ்சள் பெட்டி பெரிய துணியில் எழுந்தது: இந்தப் புத்தகம் ஏற்கெனவே பதிவாகியுள்ளது. பந்தலில் இருந்த அத்தனை பேரும் அதை வாசித்தார்கள். மூன்றாவது, நான்காவது. அந்தப் பெண் அதோடு நிறுத்திவிட்டாள். நஞ்சேகோ ஸ்கேனரை அவள் கையிலிருந்து வாங்கினாள். புத்தகத்தைத் திறந்து இரண்டாவது தாளில் காட்டினாள். புது நம்பர். அடுத்தது, இன்னொரு நம்பர். நாற்பதையும் காட்டினாள். யாரும் எழுந்துபோகவில்லை, ஆட்டுக்கறி ஆறிக்கொண்டிருந்தது, எனக்கும் கவலை இல்லை.

"மெஷினுக்குப் பகை இல்லதான் சார்," என்றாள் கடைசியில். "அது நாலு நாளா உங்களுக்குச் சொல்லியிருக்கு. உங்களுக்குத்தான் கேக்க மனசில்ல."

பிரின்சிபால் அம்மா அவளை ஆபீசுக்கு அழைத்தார். டீ வந்தது, நான்தான் கொண்டுபோனேன். சாவியை மேசைமேல் வைத்து, "நடந்ததை மறந்துடு நஞ்சேகோ," என்றார். சிடாட்டி சுவரோரம் நின்றான், கழுத்தெல்லாம் வியர்வை.

"திங்கட்கிழமை," என்றாள் அவள். "நான் நின்ன இடத்துல."

"பிள்ளைங்க முன்னாடியா? ஒரு டெபுடியை எப்படிம்மா..."

"இல்லேன்னா கவுன்ட்டி அம்மா வெளிய வண்டிக்காகக் காத்துக்கிட்டிருக்காங்க, இப்பவே போய் எழுதிக் குடுக்கறேன்."

திங்கட்கிழமை அவன் நின்றான். பெயர் சொன்னான். பதவி சொன்னான். "நஞ்சேகோ திருடவில்லை, தப்பு என்னுடையது," என்று தரையைப் பார்த்துச் சொன்னான். "பின்வரிசைக்குக் கேக்கல சார்," என்றாள் நஞ்சேகோ. மறுபடி சொன்னான். "இன்னும் கேக்கல." மூன்றாம் தரம் சொன்னபோது அவன் குரல் உடைந்தது. பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். அவனுக்குப் பிரின்சிபால் வேலை கிடைக்காது என்று அதற்குள் எல்லாருக்கும் தெரியும்.

அவள் நேரே சமையல்கட்டுக்கு வந்து ஒரு தட்டு கிதேரி கேட்டாள். நின்றபடியே முழுதையும் தின்றாள். இன்னும் ஒரு தட்டு கேட்டாள்.

"நசாம்புவைக் கூட்டி வந்திருக்கலாமே, அவ பாக்க வேண்டியதுதானே," என்றேன்.

"சொல்லிட்டு வந்தேன். சீருடையைப் போட்டுக்கிட்டு வர்றேன்னா. வந்திருப்பா, கூட்டத்துல எங்கயாவது நின்னிருப்பா."

இருவருமாகச் சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனோம். சீருடை மடித்தபடி கட்டில்மேல் இருந்தது. தகரப் பெட்டி வாசலில். நசாம்பு சித்தி வீட்டுக்கு, கிடாலேக்குப் போகிற பஸ்ஸுக்கு உடுத்திக்கொண்டு நின்றாள். வெகொம்பா கையைக் கட்டிக்கொண்டு தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தான்.

"என்னடி இது? எல்லாம் தீர்ந்துபோச்சு. அவன் மூணு தரம் சொன்னான். நாளைக்கு நீ பள்ளிக்கூடம் போகலாம்."

"எப்போ தெரியும்மா உனக்கு?"

நஞ்சேகோ புருஷனைப் பார்த்தாள்.

"அவதான் கேட்டா," என்றான் வெகொம்பா. "என்னால பொய் சொல்ல முடியல."

"ஜூன்லயே தெரியும்," என்றாள் நசாம்பு. "நான் கரும்பு வித்தப்போ தெரியும். பரீட்சைக்குப் போகலையான்னு நீயே கேக்காம இருந்தப்போ தெரியும். நபாங்கி பெரியம்மாவுக்குக்கூடத் தெரியும், என்கிட்டக் கரும்பு வாங்கிட்டுப் போனாங்க."

"உனக்காகவுந்தாண்டி. உன்னைத் திருடி மகன்னு சொன்னாங்கல்ல, அவங்க வாயை அடைக்க வேண்டாமா?"

"அவன் என்னை ஒரு நாள் நிக்கவச்சான். நீ ஏழு வாரம் நிக்கவச்ச."

பெட்டியைத் தூக்க நான் கை கொடுக்கப் போனேன். வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை, வேறு பக்கமாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டாள்.

இப்போது டிசம்பர். நஞ்சேகோ லைப்ரரியில்தான் இருக்கிறாள். சிடாட்டி மாற்றலாகிப் போய்விட்டான். போன வாரம் டீ கொடுக்கும்போது கேட்டேன், அன்றைக்கே நாம் போய்ச் சொல்லியிருக்கலாமோ என்று. ஸ்கேனரைக் கீழே வைக்காமலே யோசித்தாள்.

"இல்ல அக்கா," என்றாள். "திரும்பவும் அப்படித்தான் செய்வேன்."

கிடாலேயில் நசாம்பு தலை பின்னுகிற கடையில் இருக்கிறாளாம். நஞ்சேகோ ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்கிறாள். சித்திதான் எடுக்கிறாள்.